சிவப்பில் பார்த்து, நீலத்தில் அச்சிடு

காட்பாடியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சிப் செய்யப் பல்லாயிரம் கோடி ரூபாய் தொழிற்சாலைதான் வேண்டுமா? நம் ஊரில் ஓர் அறையில் முடியாதா?"

முடியும். செல்போன் சிப் இல்லை. 1971-இல் வந்த இன்டெல் 4004 என்ற சிப் காலத்து 10 மைக்ரான் கோடுகள் கைக்கு எட்டும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அமெரிக்காவில் சாம் செலூஃப் என்ற இளைஞர் 2018-இல் வீட்டு கராஜிலேயே 6 டிரான்சிஸ்டர் உள்ள சிப்பைச் செய்துவிட்டார்.

கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் கடையில் பார்த்திருப்பீர்கள். வலைத்துணியில் மருந்து பூசி, ஃபிலிம் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவுவார்கள். ஒளி படாத இடம் கரைந்து எழுத்து திறக்கும். சிப்பிலும் அதே வேலைதான். வலைக்குப் பதில் சிலிக்கான் தகடு. மருந்தின் பெயர் போட்டோரெசிஸ்ட். அதில் பெரும்பாலும் ஒளி பட்ட இடம்தான் கரையும்.

ஃபிலிமுக்குப் பதில் பழைய டிஎல்பி புரொஜெக்டர் போதும். அதற்குள் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் சுமார் 10 மைக்ரான். அந்தப் படத்தை மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கமிருந்து உள்ளே விட்டால், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் 10 மடங்கு சுருக்கித் தரும். ஒரு கண்ணாடி, ஒரு மைக்ரான் புள்ளி. சாதாரண 10 மடங்கு லென்ஸ் நீல ஒளியில் பிரித்துக் காட்டும் எல்லையும் ஏறக்குறைய அதுவே!

எனக்கு மிகவும் பிடித்தது இனிதான். ஃபோகஸ் சில மைக்ரான் விலகினாலே கோடு கலங்கிவிடும். சரிபார்க்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் பட்டால் மருந்து வீணாகும். என்ன செய்வது? இந்த மருந்துக்கு நீலமும் புற ஊதாவும்தான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. அதனால் படத்தை முதலில் சிவப்பில் காட்ட வேண்டும். தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை அதே லென்ஸ் வழியாக கேமராவில் பார்த்துக்கொண்டே திருகைத் திருப்பினால் கோடு பளிச்சென்று தெரியும். முன்பு அச்சிட்ட அடுக்கின் சிலுவைக் குறியும் தெரியும்; புதிய படத்தை அதன்மேல் பொருத்தலாம். அப்புறம் அதே படத்தை நீலத்தில் சில விநாடி காட்டினால் போதும். ஆனால் லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே தூரத்தில் குவிக்காது. அந்த வித்தியாசத்தை ஒருமுறை சோதனை அச்சில் அளந்து, நிரலில் எழுதிவிட வேண்டும்.

இந்த மாதிரி அளவுகளையும் வரைபடத்தையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைப்பதுதான் ஓப்பன் சோர்ஸ். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பொறியியல் மாணவர்கள், ஒளியால் அச்சிடும் இந்த லித்தோகிராபியைத் தேர்வுத்தாளில் படமாக வரைந்துவிட்டே பட்டம் வாங்கிப் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆராய்ச்சி நிதியில் ஒரு சிறு பங்கை இப்படிப்பட்ட மெஷினுக்கு ஒதுக்கலாம்.

தம்பிக்கு ஒன்று. 10 செ.மீ. அலுமினியத் தாங்கி ஒரு டிகிரி சூடேறினாலே 2 மைக்ரானுக்கு மேல் நீளும். நம் ஊர் கத்திரி வெயிலில் காலையில் வைத்த ஃபோகஸ் மதியம் நிற்காது. ஒவ்வொரு அச்சுக்கும் முன்னால் சிவப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.