ஆட்களை ஏற்றிவிட்டு அளக்க வேண்டிய வால் சில்லு

தலவாக்கலையில் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் தானே கட்டிய சிறு விமானத்தின் வால் சில்லை மாற்றுவதை அவர் காணொளியில் பார்த்திருக்கிறார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத சில்லு அது. அதை மாட்டியதும் விமானத்துக்குள் இரண்டு பேரை உட்காரவைத்து, எரிபொருளை நிரப்பி, ரசமட்டம் வைத்துக் கோணம் அளந்தாராம் அந்த மனிதர். "பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் போதாதா? ஆட்களை ஏற்றி எதற்காக அளக்க வேண்டும்?"

மிக நல்ல கேள்வி. ஆட்கள் இல்லாமல் அளந்திருந்தால் அந்த அளவு பொய்யாகப் போயிருக்கும். ஏன் என்று பார்ப்போம்.

வால் சில்லு நம் நாட்டுக்குப் புதியதல்ல. 1947-இல் ஏர் சிலோன் சேவையைத் தொடங்கியபோது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த டகோட்டா வாலில் சில்லு உள்ள விமானம். 1951-இல் தொடங்கிய அன்றைய ராயல் சிலோன் விமானப்படை தன் விமானிகளைப் பழக்கிய சிப்மங்க் விமானமும் அப்படியே. இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இறக்கைகளையும் இயந்திரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாலடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த முறை பாருங்கள்.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பயணிகள் விமானங்களுக்கு மூக்கின் கீழ் ஒரு சில்லும் நடுவில் பிரதான சில்லுகளும் இருக்கின்றன. வால் சில்லு விமானத்தில் பிரதான சில்லுகள் இரண்டும் முன்னால் நிற்க, பின்பாரத்தை வாலடிச் சிறுசில்லு தாங்குகிறது. எடை குறைவு, உந்துவிசிறி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், புல்தரைக்கும் கரடான ஓடுபாதைக்கும் ஏற்றது. இதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. விமானத்தின் புவியீர்ப்பு மையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது மூக்கு சற்றே ஒருபக்கம் திரும்பினால், பின்னாலுள்ள திணிவு தன் நேர்கோட்டிலேயே போக முனைந்து அந்தத் திருப்பத்தை மேலும் வளர்க்கும். விமானி பிடிக்கத் தவறினால் விமானம் தரையிலேயே சுழன்று இறக்கை மண்ணில் உரசும். அதைத் தடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு அந்தச் சிறுசில்லுக்கு உண்டு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வால் சில்லு ஒரு கவையில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கவை நிமிர்ந்த ஓர் அச்சைச் சுற்றி இடமும் வலமும் திரும்பும். அந்த அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீற்றர் பின்னால்தான் ரப்பர் தரையைத் தொடுகிறது. இந்த இடைவெளியைப் பின்தொடர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சில்லு ஒருபக்கம் விலகினால் தரையின் உராய்வு தொடுகைப் புள்ளியைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுவை அச்சைச் சுற்றி ஒரு முறுக்கமாக மாறிச் சில்லை மறுபடி நேராக்கும். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சில்லுகள் நாம் தள்ளும் திசைக்குத் தாமாகவே திரும்பிக்கொள்வது இதனால்தான்.

அதே தள்ளுவண்டியைச் சிமெந்துத் தரையில் சற்று விரைவாகத் தள்ளிப் பாருங்கள். ஏதாவதொரு சில்லு தடதடவென்று இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும். தன்னை நேராக்கிக்கொள்ளத் தெரிந்த சில்லு எதற்காக இப்படி நடுங்குகிறது? விமானிகள் இந்த நடுக்கத்தை ஷிம்மி என்பார்கள். விமானச் சில்லுகளில் இது பெரும்பாலும் வினாடிக்கு 10 முதல் 30 தடவை வரை நிகழ்கிறது. கவை விரிசல் விடும், போல்ட் தளரும், வாலின் சட்டகமே களைத்துப்போகும்.

விடை ரப்பரில் இருக்கிறது. சில்லின் உலோக வட்டம் திரும்பிய அதே கணத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர்த் துண்டு திரும்புவதில்லை. அது தரையைப் பற்றிக்கொண்டு பழைய திசையிலேயே நிற்கிறது. டயரின் பக்கச்சுவர் நெளிந்து கொடுக்கிறது. சில்லு இன்னும் சிறிது தூரம் உருண்டு, புதிய ரப்பர் தரைக்கு வந்து பதிந்த பிறகுதான் தொடுகைப் பகுதி புதிய திசைக்கு வந்து சேர்கிறது. 1941-இல் ஜெர்மனியில் ஷ்லிப்பே, டீட்ரிச் என்ற இருவர் டயரை இழுத்துக் கட்டிய நாணாக உருவகித்து இந்தப் பின்தங்கலைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். இன்றைய ஆய்வுகளும் அந்த நாணிலிருந்தே தொடங்குகின்றன.

இந்தப் பின்தங்கல் என்ன செய்கிறது என்று பாருங்கள். சில்லு வலப்பக்கம் விலகுகிறது. ரப்பர் அதை இடப்பக்கம் தள்ளுகிறது. சில்லு நடுக்கோட்டை அடைந்துவிட்டது. இப்போது தள்ளுதல் நின்றிருக்க வேண்டும். ஆனால் ரப்பருக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நடுவைத் தாண்டிய பிறகும் அது இடப்பக்கமே தள்ளிக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும்போதும் இதே கதை. ஒவ்வோர் ஊசலிலும் ஒரு துளி சக்தி கூடுகிறது. அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? விமானத்தின் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்து. நேர்கோட்டு ஓட்டத்தின் ஒரு சிறு பங்கைத் திருடித் தன் குறுக்கு அலைவுக்கு உணவாக்கிக்கொள்கிறது சில்லு. அச்சிலுள்ள உராய்வு அந்தச் சக்தியைவிட அதிகமாக விழுங்கினால் நடுக்கம் அடங்கும். குறைவாக விழுங்கினால் வளரும். பின்தங்கல் நேரத்தால் அல்ல, உருளும் தூரத்தால் அளக்கப்படுவது என்பதுதான் எனக்கு மிகவும் அழகாகத் தோன்றுகிறது. வேகம் மாறும்போது அதே தூரம் வேறு நேரமாகிவிடுகிறது. எனவே ஒரு வேகத்தில் சாதுவாக ஓடிய சில்லு இன்னொரு வேகத்தில் பேயாட்டம் ஆடுகிறது.

பேய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய லொறிக்குக் கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குவதை நான் குறை சொல்லமாட்டேன். அது மனத்துக்கு ஆறுதல். ஆனால் சில்லு ஆடினால் கண்ணூறு பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்துவிட்டு அதே மலைப்பாதையில் இறங்குவதை ஏற்கமாட்டேன். நடுக்கத்துக்குக் காரணம் உண்டு, அதைக் கோணமாகவும் தூரமாகவும் அளக்கலாம், திருத்தலாம். மலைவளைவுகளில் உயிர் தங்கியிருப்பது அந்த அளவில்தான்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட சிறு விமானங்கள் பலவற்றில் வால் சில்லு விமான உடலோடு நேரடியாகப் பூட்டப்படுவதில்லை. வாலடியிலிருந்து பின்னோக்கிச் சரிந்து இறங்கும் ஓர் எஃகுத் தகட்டு ஸ்பிரிங்கின் நுனியில் பூட்டப்படுகிறது. பாரம் ஏறினால் தகடு நிமிர்ந்து தட்டையாகும். தகட்டின் நுனி மேலெழும்போது அதோடு சேர்ந்து சில்லின் அச்சும் சாய்கிறது; தலைப்பக்கம் முன்னோக்கிப் போகிறது. அப்படிச் சாய்ந்த அச்சைத் தரைவரை நீட்டினால் அது முன்பைவிடப் பின்னால், ரப்பருக்கு நெருக்கமாகத் தரையைத் தொடும். பின்தொடர் தூரம் சுருங்கிவிட்டது. அதோடு இன்னொன்று: இந்தச் சாய்வில் சில்லு பக்கவாட்டில் விலகும் ஒவ்வொரு முறையும் வால் ஒரு நூலளவு உயர்கிறது. உயர்ந்த வாலின் பாரம் சில்லை நடுவுக்குத் தள்ளுகிறது, சில்லு நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. அலைவதற்கு வேண்டிய எல்லாம் சேர்ந்துவிட்டன.

ஆகவே வெறும் விமானத்தில் அச்சு செங்குத்தாக நின்றால் அதை நம்பக்கூடாது. முழுப் பாரத்தோடு நிற்கும்போது அச்சு செங்குத்தாகவோ, தலைப்பக்கம் சற்றே பின்னோக்கியோ இருக்க வேண்டும். மிகவும் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டாலும் தொல்லை. பாரமே சில்லை ஒருபக்கம் விழுத்தித் திரும்பவிடாமல் வைத்திருக்கும். இருவரை ஏற்றி அளந்த பிறகு கோணம் சரியில்லை என்றால், தகட்டுக்கும் சில்லின் தாங்கிக்கும் இடையில் ஆப்புப் போன்ற மெல்லிய உலோகத் துண்டு வைத்துத் திருத்தலாம். தகடு பழசாகிக் களைத்திருந்தால் தகட்டையே மாற்றுவதுதான் முறை. நடுக்கத்துக்குச் சில்லைக் குற்றம் சொல்லி விலையுயர்ந்த புதுச் சில்லு வாங்கும் பலருடைய விமானத்தில் உண்மைக் குற்றவாளி தளர்ந்துபோன அந்தத் தகடுதான்.

சில்லைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி ஓடுபாதை எப்படிப்பட்டது என்பது. தாரிட்ட பாதைக்கு ஆறு அங்குலத்தை ஒட்டிய திட ரப்பர்ச் சில்லு போதும். இலேசானது, பஞ்சராகாது, ரப்பர் அதிகம் நெளியாததால் பின்தங்கலும் குறைவு. புல்லிலும் குழியிலும் அது இடறும். அங்கே எட்டு அங்குலக் காற்று டயர் வேண்டும். காற்று டயரில் அழுத்தம் குறைந்தால் பின்தங்கும் தூரம் கூடும் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது எடை. விமானம் கட்டுகிறவர்கள் வாலில் சேரும் ஒவ்வொரு கிராமையும் சந்தேகத்தோடு பார்ப்பது சரியே. 500 கிலோகிராம் விமானத்தில், புவியீர்ப்பு மையத்துக்கு 4 மீற்றர் பின்னால் 1 கிலோகிராம் கூடினால் மையம் சுமார் 8 மில்லிமீற்றர் பின்னுக்கு நகரும். சிறு விமானங்களில் மையம் நகர அனுமதி உள்ள எல்லை சில அங்குலங்கள்தான். உயரமும் அப்படியே. பிரதான சில்லுகளுக்கும் வாலுக்கும் இடையே 4.5 மீற்றர் என்றால், வால் 5 சென்டிமீற்றர் உயர்வதால் விமானம் நிற்கும் கோணம் அரைப் பாகைக்கு மேல் குறையும். மூன்று சில்லும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி இறங்கும்போது இறக்கைக்குக் கிடைக்கும் கோணம் அந்த அளவு குறைவதால், தரை தொடும் வேகம் சற்றுக் கூடும்.

நமது மலைநாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 83 சதவீதம். அங்கே ஓர் ஓடுபாதை இருந்தால், இரத்மலானையில் இறங்கும் அதே விமானம் அங்கு தரையைத் தொடும் வேகம் சுமார் 10 சதவீதம் அதிகம். இயக்கச் சக்தி சுமார் 20 சதவீதம் அதிகம். கொழும்பில் அமைதியாக ஓடிய வால் சில்லு குளிர்ப் பிரதேசத்தில் நடுங்கத் தொடங்க இதுவே போதும்.

இந்த அலைவைப் பாடசாலையில் காட்ட விமானம் தேவையில்லை. ஒரு ரப்பர்ச் சுழல்சில்லு, ஓடும் பட்டி ஒன்று, கோணமானி ஆகியவை போதும். ஆனால் நம் நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ளவை சிலவே. பலவற்றில் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும் அறை. ஒரு காணொளியிலிருந்து இப்படிக் கேள்வி எழுப்பும் பிள்ளைக்கு அந்தப் பட்டியையும் சில்லையும் கொடுக்காமல் இருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பூட்டும் வேலை நிதானமாகச் செய்ய வேண்டியது. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, வாலை வலுவான இடத்தில் தாங்கி உயர்த்த வேண்டும். வால் இறக்கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. சில்லைப் பூட்டியதும் முழு வட்டம் சுழற்றி, சுக்கானின் அடியில் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பல சில்லுகள் ஒரு கோணம்வரை விமானியின் கால் மிதிக்குக் கட்டுப்பட்டுத் திரும்பும். அதற்குமேல் பூட்டு விடுபட்டுத் தடையின்றிச் சுழலும். அந்தப் பூட்டு இரு பக்கமும் ஒரே கோணத்தில் விடுபடுகிறதா என்று கையால் திருப்பிச் சோதிக்க வேண்டும். அச்சிலுள்ள உராய்வுத் தட்டுகளை இறுக்கும்போதுதான் நடுக்கத்துக்கான தணிப்பைத் தீர்மானிக்கிறோம். அளவுக்கு மீறி கிறீஸ் பூசி அந்தத் தட்டுகளை வழுக்கவிடுவது அக்கறையால் செய்யும் தவறு.

சுக்கானையும் சில்லையும் இணைக்கும் சங்கிலிகளில் ஸ்பிரிங்குகள் உண்டு. சிலர் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேண்டுமென்றே வெவ்வேறு வலுவுள்ள ஸ்பிரிங்குகளைப் போடுகிறார்கள். இரு பக்கமும் ஒரே தாளத்தில் பதில் சொல்லாததால் அலைவு எளிதில் கூடிவருவதில்லை. இதைக் கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியாவிட்டாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை.

பிறகு நடைவேகத்தில் ஓட்டம், அடுத்துச் சற்று விரைவாக, அதன் பின்பே பறப்பு. புதிய தகடு முதல் சில இறக்கங்களில் பாரத்துக்குப் பழகித் தன் வளைவை ஒரு துளி விட்டுக்கொடுக்கும். பூச்சும் ஆப்பும் அழுந்திப் போல்ட்டுகளின் இறுக்கம் குறையும். எனவே சில இறக்கங்களுக்குப் பிறகு போல்ட்டுகளைச் சரிபார்த்து, ஆட்களை ஏற்றி, அந்தக் கோணத்தை இன்னொரு முறை அளக்க வேண்டும்.