அகவிலைப்படி: சொல்லுக்குள் இருக்கும் நெல்

விலைவாசி ஏற ஏற அதற்கு ஈடாக ஊழியர் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகைக்கு அகவிலைப்படி என்று பெயர். ஆங்கிலத்தில் டியர்னஸ் அலவன்ஸ், சுருக்கமாக டி.ஏ. எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தமிழ்ச் சொல்லை முழுதாகச் சொன்னதில்லை. "என்னங்க, டி.ஏ. போட்டாங்களா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார். "அறிவிச்சிருக்காங்க. அரியர் அடுத்த மாசம்தான்" என்பார் அப்பா. அந்த அரியரை நம்பித்தான் மிக்சி வரும், அடகுக்குப் போன வளையல் திரும்பும். அப்பாவின் சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியத்துக்கு நேர் கீழே, மங்கிய அச்சில், 'அக விலைப்படி' என்று இடைவெளி விட்டுப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அகம் என்றால் வீடு. ஆகவே இது வீட்டு வாடகைக்குத் தரும் பணம் என்று பத்தாம் வகுப்பு வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகைப்படி என்று கீழே தனியாக ஒரு வரி இருந்ததை நான் கவனிக்கவில்லை.

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அரசை மடக்கிக் கேட்கும் கேள்விகளில் இந்தச் சொல் ஆண்டு தவறாமல் வருகிறது. கேட்பவரும் பதில் சொல்பவரும் அதை ஒரு சலுகையின் பெயர்போலவே பேசிவிட்டுப் போகிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் சலுகை எதுவும் இல்லை. நெல்தான் இருக்கிறது.

அகவிலை என்றால் தானிய விலை. இங்கே வரும் 'அகம்' வீடும் அல்ல, உள்ளமும் அல்ல. தவசம், கூலம் என்று நாம் சொல்லும் தானியத்துக்கு இன்னொரு பழம்பெயர் அது. 'அஃகம்' என்றும் எழுதுவார்கள். ஆத்திசூடி படித்த எவருக்கும் இந்தச் சொல் தெரியும், நினைவுக்குத்தான் வராது: "அஃகஞ் சுருக்கேல்." தானியத்தைக் குறைத்து அளந்து விற்காதே என்பது பொருள். கொன்றை வேந்தனிலும் ஆய்த எழுத்தின் முறை வரும்போது "அஃகமும் காசும் சிக்கெனத் தேடு" என்றே ஔவை பாடுகிறார். தானியத்தையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார், தானியத்தை முதலில். நம் சம்பளச் சீட்டின் இரண்டாவது வரிக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. ஒரு கை காசைத் தருகிறது. அந்தக் காசுக்கு இன்றைக்கு எவ்வளவு அஃகம் வரும் என்பதைப் பார்த்து, குறைந்த அளவை நிரப்புவதுதான் அகவிலைப்படி.

அடுத்தது 'படி'. ஊரில் அரிசி அளக்கும் படியை எல்லோரும் அறிவோம். வேலைக்கு ஈடாகத் தானியம் தருவதைப் படியளத்தல் என்றோம். பிழைப்புத் தருபவரைப் 'படியளக்கிறவர்' என்று இன்றும் சொல்கிறோம். மதுரையில் மார்கழி அஷ்டமியன்று, உயிர்கள் அனைத்துக்கும் இறைவன் படியளந்ததாகச் சப்பரம் புறப்படுகிறது, வழியெல்லாம் அரிசி தூவுகிறார்கள். இன்னொரு பக்கம், கன்னடத்தில் நெல்லுக்குப் பத்த என்று பெயர். வடமொழியில் சோற்றுக்குப் பக்தம். இவற்றின் வழிவந்த 'பத்தா' என்ற சொல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கணக்கில் ஏறியது. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் சம்பளத்துக்கு மேல் தரும் செலவுப் பணம் அது. 1766இல் ராபர்ட் கிளைவ் வங்காளப் படையில் இரட்டைப் பத்தாவை நிறுத்தியபோது வெள்ளைக்கார அதிகாரிகளே கூட்டாகப் பதவி விலகிக் கலகம் செய்தார்கள். அந்தப் பத்தாதான் லாரி ஓட்டுநரும் சினிமாத் தொழிலாளியும் வாங்கும் 'பேட்டா'. பயணப்படி, மருத்துவப்படி என்று அரசாணைகளில் வரும் படியைச் சிலர் அளவைப் படியோடு சேர்ப்பார்கள், சிலர் பத்தாவின் தமிழ் வடிவம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த வழியில் போனாலும் போய்ச் சேரும் இடம் நெல் குவித்த களம்.

கூலியும் அப்படித்தான். கூலம் என்றால் தானியம். கூலமாகக் கொடுத்ததால் கூலி என்பது பாவாணர் வழிவந்த சொல்லாய்வாளர்கள் சொல்வது, எனக்கும் அது சரியென்றே படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று இராசராசன் விதித்திருக்கிறான். அளக்கும் மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர். அந்தப் பெண்களுக்கு அகவிலைப்படி தேவைப்படவில்லை. நெல் விலை இரண்டு மடங்கானாலும் 100 கலம் 100 கலமாகவே வீடு வந்து சேர்ந்திருக்கும். ஊதியம் நெல்லிலிருந்து காசுக்கு மாறிய பிறகுதான், காசு தேயும்போது யார் ஈடு செய்வது என்ற கேள்வி பிறந்தது.

அந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அரிசி விலை ஏற ஏற, ரயில்வே தொழிலாளர்கள் விலையேற்றத்துக்கு ஈடு கேட்டார்கள். அதை விசாரிக்க 1940இல் பி.என். ராவ் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. முதலில் உணவு விலைக்கான படி என்றே இதற்குப் பெயர். டி.ஏ.வில் உள்ள 'டியர்னஸ்' என்றால் ஆங்கிலத்தில் விலை கூடி நிற்பது. சர். ஸ்ரீநிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதல் மத்திய ஊதியக் குழு 1947இல் கடைநிலை ஊழியருக்கு 55 ரூபாய் நிர்ணயித்தது. அதில் அடிப்படை ஊதியம் 30, அகவிலைப்படி 25. ஏறக்குறையப் பாதிச் சம்பளம் விலைவாசிக்கான ஈடு. இதை ஒட்டுத்தொகை என்று எப்படிச் சொல்வது?

தமிழில் அப்போது புழங்கிய பெயர் 'பஞ்சப்படி'. தொழிற்சங்கக்காரர்கள் வாயில் இன்றும் அதுதான். அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால், ஒரே துயரத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பது தெரியும். மலையாளத்தில் க்ஷாமபத்த. க்ஷாமம் என்றால் பஞ்சம். தெலுங்கில் கரவு பத்யம். கரவும் பஞ்சமே. கன்னடத்தில் துட்டி பத்யெ. துட்டி என்றால் விலை அதிகம். இந்தியில் மெஹங்காயி பத்தா, அதுவும் விலையேற்றம்தான். நாலு மொழியிலும் படி பத்தாவாக இருக்கிறது. முன்பாதிதான் மாறுகிறது: சிலர் பஞ்சத்தைச் சொன்னார்கள், சிலர் விலையைச் சொன்னார்கள். தமிழ் இரண்டையும் வைத்திருந்து, ஆட்சித்தமிழில் அகவிலையைத் தேர்ந்துகொண்டது. இலங்கைத் தமிழர் 'வாழ்க்கைச் செலவுப் படி' என்கிறார்கள். அது கேட்டவுடன் புரிகிற சொல், குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் என் ஓட்டு அகவிலைப்படிக்கே. பஞ்சப்படி என்றால் பஞ்சம் வந்தால் மட்டும் தருவது என்று ஆகிவிடும், பஞ்சம் போனால் நிறுத்தலாம் என்ற வாதத்துக்கும் இடம் தரும். அகவிலை என்றைக்கும் உண்டு. விலை இருக்கும்வரை ஈடும் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அன்றாடப் பொருள்களின் விலை எவ்வளவு ஏறியது என்று காட்டும், தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 12 மாதச் சராசரியை எடுத்து, 7ஆவது ஊதியக் குழு அடித்தளமாக வைத்த 261.42 என்ற எண்ணைவிட அது எத்தனை விழுக்காடு கூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுவே அகவிலைப்படி. ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று. 2025 ஜூலைக்கு 58 விழுக்காடு. அதாவது 18,000 ரூபாய் அடிப்படை ஊதியம் வாங்குபவருக்கு 10,440 ரூபாய். கவனிக்க வேண்டியது, இது முடிந்துபோன மாதங்களின் சராசரி. விலை முன்னால் ஓடி முடித்த பிறகுதான் படி பின்னால் நடந்து வருகிறது. ஜனவரிப் படியை மார்ச்சிலோ அதற்குப் பிறகோதான் அறிவிக்கிறார்கள். அதற்குள் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் காசு கொடுத்தாகிவிட்டது. செய்தித் தலைப்புகளில் 'ஊழியர்களுக்குத் தீபாவளிப் பரிசு' என்று போடும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொடுத்த காசு பின்னால் வந்து சேர்வதற்குப் பெயர் பரிசு அல்ல.

2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின் நடுவே, மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தி வைத்தது. 17 விழுக்காட்டிலேயே 18 மாதம் நின்றது. புல்லட் ரயிலையும் டெல்லியில் புதிய நாடாளுமன்றம் உள்ளிட்ட சென்ட்ரல் விஸ்டா கட்டுமானத்தையும் நிறுத்தாமல் ஊழியர் படியில் கைவைப்பதா என்று ராகுல் காந்தி கேட்டார். 2021 ஜூலையில் படி 28 விழுக்காடாக ஏறியது, ஆனால் இடைப்பட்ட மாதங்களுக்கு நிலுவை இல்லை என்றார்கள். 18,000 ரூபாய்க்காரருக்குக் கணக்குப் போட்டேன். முதல் ஆறு மாதம் 4, அடுத்த ஆறு மாதம் 7, கடைசி ஆறு மாதம் 11 விழுக்காடு. மொத்தம் 23,760 ரூபாய். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இதை நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நிறுத்தியதால் மிச்சமானது 34,402 கோடி ரூபாய் என்றும், நிலுவை தருவது இயலாது என்றும் 2023இல் அரசு பதில் சொன்னது. மிச்சம் என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அஃகம் சுருங்கியது யார் வீட்டில்?

கேள்வி கேட்கும் நாற்காலி மாறினால் குரலும் மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். டெல்லியில் படியை நிறுத்திய பா.ஜ.க., கொல்கத்தாவில் எதிர்க்கட்சியாக இருந்துகொண்டு, மத்திய அரசுக்கு இணையான அகவிலைப்படி ஏன் தரவில்லை என்று மம்தா பானர்ஜி அரசை உலுக்கியது. திருவனந்தபுரத்தில் இடதுசாரி அரசு தவணைகளைப் பாக்கி வைத்தபோது, காங்கிரஸின் வி.டி. சதீசன் எதிர்க்கட்சித் தலைவராக அதைக் கேட்டார். தமிழ்நாட்டில் 2020இல் அ.தி.மு.க. அரசு நிறுத்தியதைத் தி.மு.க. கண்டித்தது. அதே தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின், அகவிலைப்படி உயர்வை முதலில் 2022 ஏப்ரல் முதல் என்று தள்ளி, பிறகு அதை 2022 ஜனவரிக்கே முன்னால் கொண்டுவந்தது. இதையெல்லாம் காட்டி 'எல்லாரும் ஒன்றுதான்' என்று ஒதுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தக் கட்சி எதிரே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி.

சொல்லின் பொருள் நீதிமன்றத்தில் முட்டிக்கொண்டதும் உண்டு. மேற்கு வங்கத்தில் அகவிலைப்படி தருவதும் தராததும் அரசின் விருப்பம் என்று 2017இல் மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 ஆகஸ்டில் கொல்கத்தா உயர்நீதிமன்றம் அதை மாற்றி, அது ஊழியரின் சட்டப்படியான உரிமை என்றது. 2025 மே மாதம் நிலுவையில் 25 விழுக்காட்டைக் கொடுக்குமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

எழுதும்போது கவனிக்க: அகவிலைப்படி ஒரே சொல், நடுவில் இடைவெளி வேண்டாம், 'ப்' கட்டாயம் உண்டு. அரியருக்கு நிலுவை என்ற நல்ல சொல் இருக்கிறது. பஞ்சப்படி என்று பேசுவது பிழையில்லை.

ஆனால் இந்தச் சொல்லே எட்டாத சீட்டுகள் உண்டு. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு தருவதை ஊதியம் என்று எழுதுவதில்லை, மதிப்பூதியம் என்று எழுதுகிறார்கள். 2018 அக்டோபரில் அது 3,000லிருந்து 4,500 ஆனது. பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. மதிப்பூதியத்துக்குப் படி கிடையாது. தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் இருப்பதால் இங்கே நிலைமை வேறு. தனியார் ஆலையிலும் கூட்டுறவிலும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு வருங்கால வைப்புநிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதை உயர்த்தச் சொல்லி மக்களவையில் தொடர்ந்து கேட்டு வந்தவர்களில் ஒருவர் கொல்லம் உறுப்பினர் என்.கே. பிரேமச்சந்திரன். எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மாதாமாதம் பாஸ்புக்கை என்னிடம் நீட்டி, "எவ்வளவு ஏறியிருக்கு பாரு தம்பி" என்பார். 1,180 ரூபாய். போன மாதமும் 1,180, போன வருடமும் 1,180. "டி.ஏ. சேர்ந்திருக்கா?" என்று கேட்பார். அவருடைய ஓய்வூதியத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.