தனிப் பாட்டாக வாங்கியவர்கள் கவனத்துக்கு

பழைய லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் முதலில் கேட்பது போட்டோ, அடுத்து ஆபீஸ் வேலை. பாட்டை யாரும் கேட்பதில்லை. "அதெல்லாம் இப்ப போன்லயே வருதே" என்பார்கள். ஆனால் வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்களின் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால், ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் குவிந்து கிடக்கும். சில பாடும். சில பூட்டிக்கொண்டு கிடக்கும்.

முழு ஆல்பத்தை வாங்காமல் பிடித்த பாட்டுக்கு மட்டும் காசு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். (பாட்டுக்கு உரிமைப்பட்டவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை என்பது வேறு கதை.) உரிமம் வாங்கி, பெரிய அளவில் அதைச் செய்துகாட்டியது ஆப்பிள். 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஐட்யூன்ஸ் கடை திறந்தது. இருந்தவை 2 லட்சம் பாட்டுகள், ஒன்று 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் விற்றன. முழு ஆல்பம் பெரும்பாலும் 9.99 டாலர், பிடித்தது இரண்டே பாட்டு என்றால் இரண்டு டாலரோடு வேலை முடிந்தது. இந்தியாவுக்கு இந்த வழக்கம் தாமதமாகத்தான் வந்தது. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட், டிசம்பரில் ஐட்யூன்ஸ். ஃபிளைட் 2013 ஜூனிலேயே கடையைக் கட்டிவிட்டது.

அந்த 99 சென்ட்டுக்குக் கிடைத்தது கேட்பதற்கான அனுமதி. ஃபைலுக்குள் ஒரு பூட்டு இருந்தது. உங்கள் கணக்கை ஏற்றிய ஐந்து கம்ப்யூட்டர் வரை பாடும். ஆப்பிள் 2009இல் பாட்டுகளுக்குப் பூட்டை எடுத்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவை தானாகத் திறந்துகொள்ளவில்லை; பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கட்டி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பலர் கட்டவில்லை.

கடையே மூடினால் என்ன ஆகும் என்பது 2008இல் தெரிந்தது. எம்எஸ்என் மியூசிக்கில் வாங்கிய பாட்டுகளுக்குச் சாவி கொடுக்கும் சர்வரை ஆகஸ்டோடு நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதாவது அதன் பிறகு புது கம்ப்யூட்டர் வாங்கினாலோ விண்டோஸை மாற்றினாலோ பாட்டு போச்சு. எதிர்ப்பு கிளம்பியதால் 2011 வரை நீட்டித்தார்கள். யாஹூவின் கடையும் அதே 2008 செப்டம்பரில் மூடியது. இந்த விஷயத்தை ஒரு சட்டம் வெளிப்படையாகப் பேச இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை வைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் விதி. நிரந்தரமாக இறக்கி வைத்து, நெட் இல்லாமலே கேட்க முடிகிற ஃபைல்களுக்கு விலக்கு உண்டு.

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் வந்தார். அமெரிக்காவில் படித்தபோது வாங்கிய பாட்டுகள். டிஸ்க்கிலிருந்து ஃபைல்கள் ஒன்று விடாமல் வந்துவிட்டன. சொடுக்கினால் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கிறது. கணக்கு தொடங்கியதோ பல்கலைக்கழக மின்னஞ்சலில்; படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் போய்விட்டது. "ஃபைலை எடுத்துட்டீங்கல்ல சார், அப்படியே திறந்தும் குடுத்துடுங்க" என்றார். பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் உண்டுதான். ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு இருக்கிறது; உரிமையை மீறும் நோக்கில் இப்படிப் பூட்டை உடைப்பது அதன்படி குற்றம். கடை வைத்திருப்பவன் என்ற முறையில் நான் அதைத் தொடுவதில்லை. முதலில் கணக்கை மீட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

உங்களிடமும் இருந்தால் பாருங்கள். ஃபைல் பெயரின் வாலில் எம்4ஏ (m4a) என்றிருந்தால் கவலையில்லை, நகல் எடுத்து வைத்தால் போதும். எம்4பி (m4p) என்றிருந்தால் பூட்டு. கணக்கு கையில் இருக்கும்போதே, ஐட்யூன்ஸில் ஒரு பட்டியல் போட்டு ஆடியோ சிடியாக எழுதிக்கொள்ளலாம். கடையின் விதியே அதை அனுமதித்தது. ஒரு சிடியில் 80 நிமிடம். பிறகு அந்த சிடியிலிருந்து பாட்டை ஏற்றும்போது தரம் குறையாமல் சேமிக்கும் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 என்று போட்டால், ஏற்கெனவே 128 கேபிபிஎஸ் தரத்தில் சுருக்கியதை இன்னொரு தடவை சுருக்குகிறீர்கள். தாளச் சத்தம் கரகரப்பாவது காதுக்கே தெரியலாம். இப்போதைய லேப்டாப்பில் பெரும்பாலும் சிடி டிரைவ் இல்லை. யூஎஸ்பியில் மாட்டுவது ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்குங்கள், இதற்கென்று வாங்க வேண்டாம்.

ஊர் மாறுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கணக்கின் நாட்டை மாற்றுவதற்கு முன்பே வாங்கிய எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். மாற்றிய பிறகு பழைய பாட்டுகள் பட்டியலில் வராமல் போகலாம். 256 கேபிபிஎஸ் தரத்தில் நாலு நிமிடப் பாட்டு 8 எம்பிக்குள் அடங்கும். ஆயிரம் பாட்டென்றாலும் ஒரு சின்ன பென்டிரைவ்தான்.

இனி வாங்குவதாக இருந்தால் பூட்டில்லாமல் ஃபைலையே கையில் கொடுக்கும் இடமாகப் பாருங்கள். பேண்ட்கேம்பில் தனிப் பாட்டாக வாங்கலாம், எம்பி3யாகவும், தரம் குறையாத ஃபிளாக் வகையாகவும் இறக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம்; நிறைய விற்கும் கலைஞர்களுக்கு அது 10 ஆகக் குறையும். சினிமாப் பாட்டு அங்கே தேடினால் ஏமாற்றம்தான், தனியாக இசை செய்கிறவர்களுக்கான இடம் அது.

ஐட்யூன்ஸில் வாங்கிய பூட்டில்லாத ஃபைல்களை மட்டும் கண்டபடி அனுப்பாதீர்கள். வாங்கியவர் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பாட்டு ஊரெல்லாம் சுற்றினால், கூடவே உங்கள் மின்னஞ்சலும் சுற்றும்.