மணலுக்குள் ஒரு மலை

மண்டபம் கரையில் ஒரு காலை. பழுதுபார்க்கக் கொண்டுபோக வேண்டிய பைபர் வள்ளம் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். தார்ச்சாலைக்கு நூறு மீட்டர்கூட இல்லை. பாதி வழியில் சக்கரம் புதைந்தது. ஓட்டுநர் மேலும் மேலும் மிதித்தார். கருகிய எண்ணெய் வாடை எழுந்தது; கியர் ஆயில் சூட்டைக் காட்டும் விளக்கும் எரிந்தது. வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி கேட்டார்: "மலையா ஏறினோம் தம்பி? ஊரே தட்டையாகத்தானே கிடக்கிறது?"

நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் ஏறியது மலைதான். வண்டி, டிரெய்லர், வள்ளம் எல்லாம் சேர்த்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் அதை மெல்ல உருட்ட ஏறக்குறைய 50 கிலோ இழுவிசை போதும். உதிரி மணலில் 800 கிலோ வரைகூடத் தேவைப்படும். ஐந்தடி போனால் ஓரடி உயரும் சாலையில் ஏறுவதற்குச் சமம் இது. கொடைக்கானல் சாலைகூட அவ்வளவு செங்குத்தானது இல்லை.

இந்தக் கரையில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. அவற்றில் மணலில் முதலில் கருகுவது கிளட்ச் தட்டு. அன்று புதைந்தது போன்ற ஆட்டோமேட்டிக் வண்டியில் கதை வேறு. அங்கே இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரம் ஆயிலை வாரி வீச, அந்த வீச்சில் எதிர்ச்சக்கரம் சுழல்கிறது. இரண்டையும் அப்போது இரும்பு இணைப்பதில்லை, எண்ணெய்தான் இணைக்கிறது. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது காருக்காக அல்ல, கப்பலுக்காக: வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியின் விசையை, மெதுவாகச் சுழல வேண்டிய உந்துவிசிறிக்குக் கொடுப்பதற்காக.

இரண்டு சக்கரங்களின் வேகமும் நெருங்கி இருக்கும்வரை தொல்லை இல்லை. சாலையில் சீராக ஓடும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டியே விடுகிறது. மணலில் ஊரும்போது பூட்டு விழாது. ஒன்று வேகமாகச் சுழலும், மற்றது திணறும். அந்த வித்தியாசம் அப்படியே சூடாக மாறுகிறது. இன்ஜின் 30 கிலோவாட் கொடுத்து, அதில் பாதி இப்படிப் போனால் 15 கிலோவாட். வெந்நீர் போடும் 1 கிலோவாட் கம்பிகள் பதினைந்தை ஓர் அண்டாவுக்குள் விட்ட மாதிரி! உள்ளே இருப்பதோ ஏறக்குறைய 9 லிட்டர் ஆயில். சூடு முழுவதும் ஆயிலிலேயே தங்கினால் நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். சுற்றியுள்ள உலோகமும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால்தான் சில நிமிடம் தாக்குப்பிடிக்கிறது. சக்கரம் புதைந்து அசையாமல் நிற்கும்போது மிதித்தாலோ, பாதி அல்ல, முழுச் சக்தியும் சூடுதான்.

ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் தோராயக் கணக்கு. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், அழுத்தம் குறையும், ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள்ளும் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கும், அந்த வழுக்கல் மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். புது ஆயில் பெரும்பாலும் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். வெந்த ஆயில் கஷாய நிறத்தில் பரவும், கருகிய வாடை அடிக்கும். கரும்பொடி தெரிந்தால் தட்டுகள் தேயத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

டாஷ்போர்டில் இருக்கும் இன்ஜின் சூட்டு முள்ளை நம்பி ஏமாறாதீர்கள். அது காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. கியர் ஆயில் வேகும்போதும் அது நடுவிலேயே நிற்கலாம்.

காற்றையும் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் மேற்கிலிருந்து வீசும்போது ராமேஸ்வரம் நோக்கிக் கிழக்கே போகிறவருக்கு அது முதுகுக் காற்று. வண்டியும் காற்றும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் போனால் கூலருக்குக் கிடைப்பது ரேடியேட்டர் விசிறியின் காற்று மட்டுமே. பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்கும் வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது இதை உணரலாம். போதாததற்கு உப்புக்காற்று கூலரின் அலுமினிய இதழ்களை அரிக்கிறது, மணல் இடுக்குகளை அடைக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கே அலையும் ஊர்களில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூலரை நல்ல தண்ணீரால்தான் கழுவ வேண்டும்.

அன்று சம்மாட்டி சொன்னபடி மிதிப்பதை நிறுத்தினார்கள். இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் ஆயில் கூலருக்குப் போவது நின்றுவிடும். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினைச் சற்றே உயர்ந்த வேகத்தில் ஓட விட்டார்கள். கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். தட்டையான டயர் மணலில் அவ்வளவாகப் புதைவதில்லை. சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு, நான்கு சக்கர லோ கியருக்கு மாற்றினார்கள். அதில் வண்டி மெல்ல நகர்ந்தாலும் கன்வெர்ட்டரின் எதிர்ச்சக்கரம் வேகமாகச் சுழலும். வழுக்கலும் குறையும், சூடும் குறையும். இரண்டு நிமிடத்தில் வள்ளம் தார்ச்சாலையில் நின்றது. ஓட்டுநர் கம்ப்ரஸரை எடுத்து, டயர்களுக்கு மறுபடி காற்றடிக்க உட்கார்ந்தார்.