பெரிய பகா எண் என்றால் பெரிய பாதுகாப்பா?

பெங்களூரு பீனியாவில் பட்டறையும் சிறு ஆலையும் நடத்தும் நம்மவர்கள் பலருக்குக் கணினிப் பாதுகாப்பைக் கவனித்துத் தருவது என் தொழில். அண்மையில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், கேமரா விற்க வந்தவர் கொடுத்த விளம்பரத்தாளை நீட்டினார். "உலகத்திலேயே பெரிய பகா எண்ணை வைத்துப் பூட்டுகிறார்களாம் தம்பி, வாங்கலாமா?"

அப்படிப் பூட்டினால் அது பூட்டே அல்ல. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சாதனைப் பகா எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது. லூக் டுரான்ட் கண்டுபிடித்த அந்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். கணிதத்துக்கு அது பெருமைதான். ஆனால் ஊரே அறிந்த எண் ரகசியத்துக்கு உதவாது. இங்கே சாவி என்பது இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த எண்; உங்கள் சாவியில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் வகுத்த ஆர்எஸ்ஏ என்ற பூட்டும் முறையில், 2048 பிட் சாவிக்கு முந்நூற்றுச் சொச்சம் இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களே தேவை. அந்த அளவில் பகா எண்களுக்குப் பஞ்சமில்லை; ஏறத்தாழ 710 எண்களுக்கு ஒன்று பகா எண். கருவி ஏதோ ஓர் எண்ணை எடுத்து, பகா எண்தானா என்று சோதிக்கும். இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். அந்தச் சோதனை எளிது. (உறுதியாகவும் விரைவாகவும் சோதிக்க முடியும் என்று 2002-இல் நிறுவியவர்கள் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா.) இரண்டையும் பெருக்கித் தந்த விடையை மறுபடி அந்த இரண்டாகப் பிரிப்பதுதான் கடினம்.

ஆனால் "ஏதோ ஓர் எண்" உண்மையிலேயே ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். 2012-இல் இணையத்தின் பொதுச்சாவிகளை (பெருக்கி வந்த, யாரும் பார்க்கக்கூடிய எண்களை) அலசிய இரண்டு ஆய்வுக் குழுக்கள், வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருப்பதைக் கண்டன. பெரும்பாலும் ரூட்டர் போன்ற சிறு கருவிகள். மின்சாரம் கொடுத்த முதல் நொடிகளில் அவற்றுக்குத் தற்செயல் என்று சொல்ல எதுவும் கிடைப்பதில்லை. எல்லாம் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன.

விளைவைக் காகிதத்திலேயே பார்க்கலாம். 10,403, 10,807 என இரண்டு பொதுச்சாவிகள். கழித்தால் 404. 10,403-ஐ 404-ஆல் வகுத்தால் மீதி 303. 404-ஐ 303-ஆல் வகுத்தால் மீதி 101. 303-ஐ 101 மீதியின்றி வகுக்கிறது. அவ்வளவுதான்: 101 × 103, 101 × 107. இரண்டு பூட்டும் திறந்துவிட்டன. பள்ளியில் படித்த யூக்ளிட் வகுத்தல்தான் இது. 600 இலக்க எண்களுக்கும் கணினி இதை நொடிக்குள் செய்துவிடும். ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க முயன்றால் கதையே வேறு. 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்க 2020 வரை ஆயிற்று.

ஆகவே விற்பவரிடம் எண்ணின் அளவைக் கேட்காதீர்கள். சாவி எங்கே, எப்போது உருவாகிறது என்று கேளுங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே சாவி என்றாலோ, மாற்ற வழியில்லை என்றாலோ வாங்க வேண்டாம். பெங்களூருவின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய ரூட்டராக இருந்தால் முதலில் அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். சில மணி நேரம் ஓடவிட்டு, பழைய சாவியை அழித்துப் புதியதை உருவாக்குங்கள்.