பெர்லினில் குடும்பங்களுக்குச் சரக்கு மிதிவண்டி இரவல்: யார் பெறலாம், எப்படிப் பெறலாம், சட்டம் என்ன சொல்கிறது

ஜெர்மனியில் கார் இல்லாமல் குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்கள் சரக்கு மிதிவண்டியைப் பெரிதும் விரும்புகின்றன. கைப்பிடிக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு குழந்தைகள் உட்காரும் பலகை, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் வார்ப்பட்டை, காலடியில் ஒரு வாரத்து மளிகை வைக்கும் அளவுக்கு இடம் என்று அது அமைந்திருக்கும். ஆனால் மின்மோட்டாருடன் கூடிய நல்ல வண்டியின் விலை 5,000 யூரோவை எளிதில் தாண்டிவிடுகிறது. சிலவகை வண்டிகள் இரண்டரை மீட்டர் நீளம் இருப்பதால், பணம் கையில் இருந்தாலும் அடுக்குமாடி வீட்டின் நிலவறைப் படிகளில் அவற்றை இறக்கி வைக்க முடியாது.

இந்த இடத்தில் பலரும் அரசு மானியம் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மின் சரக்கு மிதிவண்டிகளுக்கு ஜெர்மன் கூட்டாட்சி அரசு 2021 மார்ச் முதல் கொள்முதல் செலவில் 25 விழுக்காட்டை ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியமாக வழங்கியது. முதல் விதிமுறைகள் 2024 பிப்ரவரியில் முடிந்தபின், அதே ஆண்டு அக்டோபரில் புதிய விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. இரண்டுமே தொழில் நிறுவனங்களையும் உள்ளாட்சிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் குடும்பங்களுக்கு அவற்றில் இடமில்லை. 2021 தேர்தல் நேரத்தில் பசுமைக் கட்சி, பத்து லட்சம் சரக்கு மிதிவண்டிகளுக்குத் தலா 1,000 யூரோ தரும் நூறு கோடி யூரோ திட்டம் ஒன்றை முன்வைத்தது. அதன்மீது பெரிய வாக்குவாதம் நடந்ததே தவிர, குடும்பங்களுக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. சில நகராட்சிகளும் மாநிலங்களும் அவ்வப்போது தனிநபர்களுக்கு மானியம் அறிவிக்கின்றன, ஆனால் ஒதுக்கிய நிதி தீர்ந்ததும் அவை மூடப்பட்டுவிடும். எனவே பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்றே பயன்படக்கூடிய வழி, வண்டியை இரவல் வாங்குவதுதான்.

இரவல் முறையின் முன்னோடிகளில் ஒன்று கொலோன் நகரில் 2013ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே ஒரு சிறு சங்கம் 'காசிமிர்' என்று பெயரிட்ட ஒரே ஒரு சரக்கு மிதிவண்டியை, வாடகை எதுவும் வாங்காமல், யார் கேட்டாலும் கொடுக்கத் தொடங்கியது. முன்பதிவுக்காக அந்தச் சங்கம் உருவாக்கிய மென்பொருளைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டதால், வேறு ஊர்களில் இருந்தவர்கள் ஒரு வண்டியும் ஒரு கடைக்காரரின் சம்மதமும் கிடைத்தவுடனேயே தங்கள் திட்டத்தைத் தொடங்க முடிந்தது. இன்று ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இத்தகைய கட்டணமில்லாத் திட்டங்கள் நூற்றுக்கும் மேல் நடக்கின்றன.

அவற்றுள் பெரியது பெர்லினின் 'ஃப்ளோட்டே'. அகில ஜெர்மன் மிதிவண்டிக் கழகத்தின் பெர்லின் கிளை 2018இல் இதைத் தொடங்கியது. ஜெர்மனியிலேயே முதன்முறையாக ஒரு மாநிலம் நடைப்பயணிகள், மிதிவண்டிகள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரும் போக்குவரத்துச் சட்டத்தைப் பெர்லினில் நிறைவேற்றிய ஆண்டும் அதுவே. அடுத்த ஆண்டு முதல் மாநில அரசின் நிதியோடும் மாவட்ட நிர்வாகங்களின் ஒத்துழைப்போடும் 'ஃப்ளோட்டே கொம்முனால்' என்ற அரசுக் கிளையும் சேர்ந்தது. வண்டிகள் வாங்கவும் பழுதுபார்க்கவும் பொதுப்பணம் உதவுகிறது. வண்டியை வைத்திருந்து சாவி கொடுக்கும் வேலையை நூலகங்கள், இளைஞர் மையங்கள், அக்கம்பக்கச் சமூக மையங்கள், சில கடைகள், தேநீரகங்கள் ஆகியவை ஊதியமின்றிச் செய்கின்றன. நகரெங்கும் இப்படி 200க்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கின்றன.

இரவல் பெறும் முறை எளியது. முதலில் இணையதளத்தில் உண்மையான பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வரைபடத்தில் வீட்டுக்கு அருகிலுள்ள வண்டியைத் தேர்ந்து, நாட்காட்டியில் காலியாக உள்ள நாளைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் அதற்கு இரண்டு சக்கரமா மூன்றா, மோட்டார் உண்டா, எவ்வளவு எடை தாங்கும், குழந்தைகளுக்கு இருக்கையும் வார்ப்பட்டையும் உண்டா என்று எழுதியிருக்கும். எல்லா வண்டிகளும் குழந்தைகளை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், குடும்பங்கள் இந்தக் கடைசி விவரத்தைப் பார்க்காமல் பதிவு செய்யக் கூடாது. பதிவு முழு நாள் கணக்கில் நடக்கும். ஒரு முறைக்கு அதிகபட்சம் தொடர்ந்து மூன்று நாட்கள். பல நிலையங்கள் ஞாயிறன்று மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை திருப்பினால் வார இறுதி முழுவதும் வண்டி கையில் இருக்கும். இந்த நாட்கள்தான் முதலில் நிரம்புகின்றன.

பதிவு உறுதியானதும் மின்னஞ்சலில் ஒரு குறியீட்டுச் சொல் வரும். நிலையத்தில் அடையாள அட்டையையும் அந்தச் சொல்லையும் காட்டினால், அங்குள்ளவர் தம் பட்டியலோடு ஒப்பிட்டு, இரவல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைத் தருவார். இங்கே நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டிலோ இலங்கைக் கடவுச்சீட்டிலோ பெர்லின் முகவரி இருக்காது. ஜெர்மன் அரசு தரும் குடியிருப்பு அனுமதி அட்டையின் பின்புறத்தில் இருக்கும். அந்த அட்டையையோ, கடவுச்சீட்டோடு முகவரிப் பதிவுச் சான்றையோ எடுத்துச் சென்றால் நிலையத்தில் தடுமாற வேண்டியிருக்காது.

கட்டணம் கிடையாது. நன்கொடை கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கட்டணம் இல்லை என்பதற்காகப் பொறுப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 598 முதல் 606 வரையிலான பிரிவுகள் இரவலைத் தனியொரு ஒப்பந்த வகையாகவே வரையறுக்கின்றன. இலவசமாகக் கொடுப்பவர் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் கடும் கவனக்குறைவுக்கும் மட்டுமே பொறுப்பாவார். வாங்கியவர், முறையாகப் பயன்படுத்தியதால் ஏற்படும் சாதாரணத் தேய்மானத்துக்கு ஈடு தர வேண்டியதில்லை. அதாவது, பிரேக் கட்டை தேய்ந்ததற்கோ டயர் பழசானதற்கோ உங்களிடம் பணம் கேட்க முடியாது. ஆனால் கொடுத்தவரின் அனுமதியின்றி வண்டியை இன்னொருவர் கையில் ஒப்படைக்கக் கூடாது, குறித்த காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், உங்கள் தவறால் நேர்ந்த சேதத்துக்கு நீங்களே பொறுப்பு. ஜெர்மனியில் பலர் எடுத்து வைத்திருக்கும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு இரவல் பொருள்களுக்கும் பொருந்துமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். வண்டி எடுப்பதற்கு முன்பே அதைப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

குழந்தைகளை ஏற்றுவது பற்றிய விதி சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறையின் 21ஆம் பிரிவில் உள்ளது. வண்டி ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். பின்னால் மாட்டும் குழந்தை இழுவண்டியில் ஏழு வயது நிறையாத இரண்டு குழந்தைகள் வரை ஏற்றலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு இந்த வயது வரம்பு இல்லை. சாதாரண மிதிவண்டியில் தனி இருக்கை பொருத்தி ஏற்றுவதற்கும் அதே ஏழு வயது வரம்புதான். அதோடு குழந்தையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்காதபடி தடுப்பும் வேண்டும். சரக்கு மிதிவண்டி விஷயத்தில் 2020 ஏப்ரலில் செய்யப்பட்ட திருத்தம் முக்கியமானது. ஆட்களை ஏற்றுவதற்கென்றே வடிவமைத்துச் செய்யப்பட்ட மிதிவண்டியாக இருந்தால், ஏறுபவரின் வயதுக்கு வரம்பு கிடையாது. ஆகவே, இருக்கையும் பட்டையும் உள்ள பெட்டி வண்டியில் எட்டு வயது மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடலாம். பொருள்களுக்கென்று செய்த வெறும் தட்டு வண்டியில் மூன்று வயதுக் குழந்தையைக்கூட உட்கார வைக்கக் கூடாது.

மோட்டார் உள்ள வண்டியைப் பார்த்து ஓட்டுநர் உரிமம் தேவையோ என்று தயங்குபவர்கள் உண்டு. மிதிக்கும்போது மட்டும் உதவி, 250 வாட் வரை ஆற்றல், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடுதல் என்ற மூன்றும் பொருந்தினால் சட்டப்படி அது வெறும் மிதிவண்டிதான். உரிமமோ பதிவெண்ணோ காப்பீட்டுப் பலகையோ வேண்டாம். தலைக்கவசமும் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பெட்டிக்குள் இருக்கும் குழந்தைக்கு அதை அணிவிப்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. நீலப் பலகை வைத்த மிதிவண்டிப் பாதையில்தான் செல்ல வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்தப் பாதை மூன்று சக்கர வண்டிக்குப் போதாத அளவு குறுகலாக இருந்தால், சாலையில் சென்றவரைப் பொதுவாகக் குறை கூற வேண்டாம் என்று இவ்விதிகளின் நிர்வாக வழிகாட்டுதல் கூறுகிறது.

முதல் முறை எடுக்கும்போது குழந்தையை ஏற்றாமல் வெறும் பெட்டியோடு ஓட்டிப் பழக வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் முன்சக்கரம் வெகுதூரம் முன்னால் இருப்பதால் கண் அதையே தேடும். அதைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தால் வண்டி தானே நேராக ஓடத் தொடங்கும். மூன்று சக்கர வண்டி நிற்கும்போது சாயாது என்பதால் பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் வேகமாக வளைத்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். திருப்பங்களில் நடை வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். கிளம்பும் முன் நிலையத்திலேயே பிரேக், விளக்கு, டயரின் காற்று, மின்கலத்தின் அளவு, வார்ப்பட்டையின் கொக்கி ஆகியவற்றைப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைச் சொல்லிப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். இரவில் வண்டியின் சட்டகத்தை அசையாத கம்பத்தோடு சேர்த்துப் பூட்டி, கழற்றக்கூடிய மின்கலமாக இருந்தால் அதை வீட்டுக்குள் எடுத்துச் செல்லலாம்.

இந்தத் திட்டத்தின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் மழலையர் பள்ளிக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதற்கு இது தீர்வாகாது. மூன்று நாள் வரம்பு அதற்கு இடம் தராது, ஒருவரே வண்டியைப் பிடித்து வைத்திருந்தால் அது பொது வண்டியாகவும் இராது. பழைய அலமாரியை எடுத்துச் செல்வது, ஏரிக்கரைக்குக் குழந்தைகளோடு போவது, பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ மொத்தமாகச் சாமான் வாங்குவது, வண்டி வாங்குவதற்கு முன் அது நம் தெருவுக்கும் நம் முழங்காலுக்கும் ஒத்துவருமா என்று பார்ப்பது ஆகியவற்றுக்கே இது மிகப் பொருத்தம். கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: மோட்டார் வேண்டுமா, இரண்டு சக்கரமா மூன்றா என்பதை விற்பனைக் கடையின் வாசலில் பத்து நிமிடம் ஓட்டி முடிவு செய்வதைவிட, இரவல் வண்டியில் மூன்று நாட்கள் ஓட்டி முடிவு செய்யும் குடும்பம் தன் பணத்தைச் சரியான இடத்தில் போடுகிறது. நாள்தோறும் தேவைப்படுபவர்களுக்குக் கட்டண முறைகள் உள்ளன. சுவிட்சர்லாந்தில் 2015இல் பெர்ன் நகரில் தொடங்கிய 'கார்வேலோ' மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ், நார்டர்ஷ்டெட் நகரங்களில் கூட்டாட்சி நிதியோடு தொடங்கிய வாடகைத் திட்டமும் அதே வகை.

பதிவு செய்த நாளில் போக முடியவில்லை என்றால் உடனே இணையதளத்தில் ரத்து செய்துவிட வேண்டும். ரத்து செய்தால் அந்த நாள் நாட்காட்டியில் மீண்டும் காலியாகத் தெரியும். செய்யாவிட்டால் வண்டி நூலக வாசலில் சும்மா நிற்க, வேண்டியவர் ஒருவர் வண்டி காலியில்லை என்று திரும்பிப் போவார். எடுத்த வண்டியை நிலையம் திறந்திருக்கும் நேரத்துக்குள், அதே இடத்தில், பெட்டியைத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். ஓடும்போது ஏதாவது கழன்றாலோ உடைந்தாலோ, நீங்களே சரிசெய்துவிட்டாலும், சாவியைக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள்; அடுத்து அந்தப் பெட்டியில் உட்காரப் போவது இன்னொரு வீட்டுக் குழந்தை.