கிரெடிட் கார்டு பில்லின் கெடு தேதி சம்பளத்துக்கு முன்னால் வந்து நிற்கிறதா? மாற்றிக் கேட்கலாம்

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் மைத்துனருக்கு ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி சம்பளம் வரும். மளிகை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றுக்கும் அவர் தேய்க்கும் கிரெடிட் கார்டின் பில்லுக்கோ 3ஆம் தேதியே கெடுவாக இருந்தது. ஒரு வருடத்து ஸ்டேட்மென்ட்டுகளை அவர் என் முன் பரப்பி வைத்தபோது, தாளுக்குத் தாள் தாமதக் கட்டணம் என்று ஒரு வரியும், அதன் கீழே அந்தக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று இன்னொரு வரியும் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தன. அவர் ஒரு மாதம்கூடக் கட்டாமல் விட்டவர் அல்லர். சம்பளம் ஏறிய அன்று மாலையே முழுத் தொகையையும் கட்டியிருக்கிறார். அந்தத் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தனை மாதமும் அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தந்தால் போதும் என்று சட்டமே நிறுவனங்களுக்கு அவகாசம் தருகிறது. ஆகவே 1ஆம் தேதிக்கும் 7ஆம் தேதிக்கும் இடையில் கெடு விழும் கார்டை வைத்திருக்கும் பலரும் இதே இக்கட்டில்தான் இருக்கிறார்கள்.

விதி சிறியது. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கிரெடிட் கார்டு நெறிமுறைகளின்படி, பில்லிங் சைக்கிளை, அதாவது ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடைப்பட்ட கணக்குக் காலத்தை, தம் வசதிக்கேற்ப ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கார்டுதாரருக்கு வங்கி தர வேண்டும். 2024 மார்ச்சில் செய்த திருத்தம் அதைக் ‘குறைந்தது ஒருமுறை’ என்று ஆக்கியது. ஒருமுறைக்கு மேல் தருவது வங்கியின் விருப்பம் என்பதால், எந்தத் தேதி வேண்டும் என்பதை நன்றாக யோசித்துவிட்டே கேளுங்கள்.

இனி, கேட்கும் முறை. வாடிக்கையாளர் சேவையை அழைத்து ‘டியூ டேட்டை மாற்ற வேண்டும்’ என்று சொன்னால், ‘அதை மாற்ற முடியாது சார்’ என்ற பதிலே வரும். ஏனென்றால் அவர்கள் கணக்கில் கெடு தேதி தனியாக நிற்பதில்லை, பில் போடும் தேதியோடு சேர்ந்து நகர்கிறது. ஆகவே, ‘என் கார்டின் பில்லிங் சைக்கிளை மாற்ற வேண்டும், ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 23ஆம் தேதி வர வேண்டும்’ என்று சொல்லுங்கள். பில் போட்ட நாளிலிருந்து 20 நாள் அவகாசம் தரும் வங்கியென்றால் அடுத்த மாதம் 12, 13ஆம் தேதிவாக்கில் கெடு வரும். உங்கள் வங்கி எத்தனை நாள் தருகிறது என்பதைப் பழைய ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், தொலைபேசியில் கேட்டு நம்ப வேண்டாம். வட்டி தொடங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது அவகாசம் தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில்தான் இருக்கிறது.

மைத்துனர் மூன்று முறை அழைத்தார். முதல் முறை, கார்டு கொடுத்த நாளோடு தேதி முடிவாகிவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை கிளைக்குப் போகச் சொன்னார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துப் போனவரிடம், கார்டு பிரிவு வேறு, போனில்தான் பேச வேண்டும் என்று கிளையில் கைவிரித்தார்கள். மூன்றாம் முறை, இதை மூடிவிட்டு வேறு கார்டுக்கு விண்ணப்பிக்கலாமே என்றார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல வருடம் ஒழுங்காக வைத்திருந்த கணக்கின் பலனை இழந்து, புதிதாக ஒரு கடன் விசாரணையையும் சிபில் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) பதிவில் ஏற்றிக்கொள்வதுதான் மிச்சம்.

இன்னொரு அறிவுரையும் தவறாமல் வரும்: ‘மினிமம் டியூவை (பில்லில் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகையை) மட்டும் 3ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், போதும்’ என்பார்கள். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது என்பது உண்மை. ஆனால் மீதித் தொகைக்குப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

கெடு கடந்து மூன்று நாளைத் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடவும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பலரும் இதை நம்பிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். கெடு 3, சம்பளம் 7 என்றால் நான்காம் நாள் ஆகிவிடுகிறது. ஒரே ஒரு நாளில் பாதுகாப்பு கைநழுவிப் போகிறது. அந்த மூன்று நாளுக்குள் கட்டினாலும் வட்டிக்கு விலக்கு உண்டு என்று அந்த விதி சொல்லவில்லை.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பாக்கி நிலுவையில் இருக்கும்போது கேட்டால், ‘முதலில் நிலுவையைக் கட்டுங்கள்’ என்று வங்கிகள் திருப்பி அனுப்புகின்றன. அப்படியொரு நிபந்தனையை ரிசர்வ் வங்கி எழுதி வைக்கவில்லை. தேதி பொருந்தாததால் தாமதமாகக் கட்டுகிறவருக்குத்தானே இந்த மாற்றம் எல்லோரையும்விட அவசியம்? ஆனாலும் வாதாடி ஒரு மாதத்தை இழப்பதைவிட, முழுத் தொகையையும் கட்டிய பிறகு, அடுத்த பில் போடுவதற்கு முன் இருக்கும் நாட்களில் கேட்பதே நல்லது. அப்போது 13ஆம் தேதி பில் வந்துகொண்டிருந்த மைத்துனருக்கு அது 8 முதல் 12 வரையான ஐந்தே நாட்கள்.

மாற்றம் கிடைத்த முதல் மாதத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பில்லுக்குப் பழைய கெடுவே பொருந்தும். அடுத்த பில் பத்து நாளுக்கான குட்டி பில்லாகவும் வரலாம், நாற்பது நாளுக்கான பெரிய பில்லாகவும் வரலாம். எது என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேறு வங்கிக் கணக்கிலிருந்து குறிப்பிட்ட தேதியில் பணம் எடுக்க ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால், அது தானாக நகராது. பழைய தேதியிலேயே போய்க் கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அந்த வங்கி தனியாக அபராதம் போடும். பழைய உத்தரவை ரத்து செய்து புதிதாகக் கொடுங்கள், அதிலும் முழுத் தொகையா மினிமம் டியூவா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தொலைபேசியில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். புகார் எண் வாங்கிக்கொண்டு, அதே கோரிக்கையை வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். எழுத்துப் புகார் இல்லாமல் நேரே மேலே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ மறுத்துப் பதில் வந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் பதியலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். மைத்துனர் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ‘குறைந்தது ஒருமுறை’ என்ற அந்தச் சொற்களையும் ரிசர்வ் வங்கி நெறிமுறையின் பெயரையும் குறிப்பிட்டு அவர் எழுதிய மின்னஞ்சலுக்கு ஆறாம் நாள் பதில் வந்தது. இப்போது அவருக்கு 23ஆம் தேதி பில் வருகிறது.